திருத்தம்

இரவு ஒன்று நாற்பதுக்கு
வண்ணார்பேட்டை அலுவலகத்தில்
ஏழாம் பக்கத்தை முடித்து அச்சுக்கு அனுப்பினேன்.
ஒரு கண்ணீர் அஞ்சலி,
ஒரு மணிவிழா வாழ்த்து.
படங்களின் எண்
4417, 4471.

அது பதினோராவது ராத்திரி.
அந்தோணிராஜ் மஞ்சள்காமாலையில் விழுந்த பிறகு
அவன் பக்கங்களும் என் தலையில்.
பகலில் படுத்தால்
முருகன்குறிச்சி மாடியறைத் தகரம் கொதிக்கும்.
கீழே பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்காரர்
ஒலிபெருக்கியோடு என் காதுக்குள் வந்து நிற்பார்.
இமைக்கு உள்பக்கம் மணல்.
எழுத்து எழுத்தாகத்தான் தெரிந்தது,
சொல்லாகத் தெரியவில்லை.
யாரிடம் சொல்ல?
காய்ச்சல் என்றால் விடுப்பு உண்டு,
தூக்கம் என்றால் சிரிப்பார்கள்.

இப்படியாக
முக்கூடலில் முந்தாநாள் இறந்த வேலாயுதப் பெருமாள்
'நீடூழி வாழ்க' என்ற வரிக்கு மேலே
மாலையும் கழுத்துமாக நின்றார்.
ராஜவல்லிபுரம் மாசானமுத்து,
மகள்கள் சீட்டுப் பணத்தில் வாழ்த்துச் சொன்ன அறுபது வயதுக்காரர்,
கறுப்புக் கட்டத்துக்குள் போனார்.

பேரை யார் படிக்கிறார்கள்,
முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

பதினோரு மணிக்கு போன்.
சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.
மேலாளர் அறையில்
செத்தவர் உட்கார்ந்திருந்தார்.

கங்கைகொண்டானில் ஒரு கிட்டங்கிக்கு
ராக்காவல் அவர்.
காலை ஆறரைக்கு வீடு வந்து
பழையது குடித்துவிட்டு
முன்னறையில் துண்டை முகத்தில் போட்டுப் படுத்திருக்கிறார்.
ஏழரைக்கு மானூரிலிருந்து கொழுந்தியா வந்துவிட்டாள்,
கையில் பேப்பரோடு.
நீட்டிக் கிடந்த உடம்பைப் பார்த்தாள்,
துண்டைப் பார்த்தாள்,
அதற்குமேல் எதையும் பார்க்கவில்லை.
வீட்டம்மா அந்நேரம் ரேஷன் கடை வரிசையில்.
ஒப்பாரியில் தெரு கூடிவிட்டது.
சங்கு ஊத ஆள் சொல்லி,
மாலை வாங்க ஒருத்தன் பைக்கை உதைத்த பிறகுதான்
பிணம் புரண்டு படுத்ததாம்.

மன்னிப்புக்கு வார்த்தை தேடி நின்றேன்.
அவர் என் கண்ணையே பார்த்தார்.
"வே, என்னயக் கொன்னதுக்கு நான் வரல்ல.
ஆளுன்னா ஒருநா சாவத்தான் செய்வான்.
ஆறு மாசத்துல இன்னைக்குத்தான்
அசந்து தூங்குனேன், பாத்துக்கிடும்.
எழுப்பிவிட்டுட்டீரே.
அதக் கேக்கத்தான் வந்தேன்."

போன மாசம் டூட்டியில் கண் சொருகி
லாரி நம்பரை மாற்றி எழுதியதில்
ஆயிரத்து இருநூறு பிடித்தார்களாம்.
அதையும் சொன்னார்.
யாரையும் குறை சொல்கிற குரலில் இல்லை.

"உமக்கு எத்தன நாளாச்சு?"
"பதினொண்ணு."
சந்தையில் விலை கேட்டவர் மாதிரித் தலையாட்டினார்.

மூன்று நாள் சஸ்பெண்ட், சம்பளம் கிடையாது என்றார் மேலாளர்.
என் காதில் 'மூன்று நாள்' மட்டும் விழுந்தது.
முக்கூடலிலிருந்து இன்னும் ஒருவரும் கூப்பிடவில்லை.
அந்த வீட்டில் இன்று
பேப்பர் பிரிக்கிற நிலையில் யாரும் இல்லை போல.

மேலாளர் பேனாவைத் திறந்து
நாளைய பக்கத்துக்குத் திருத்தம் எழுத ஆரம்பித்தார்.
'நேற்றைய இதழில் தவறுதலாக' வரைக்கும் வந்து
தகப்பனார் பேர் கேட்க நிமிர்ந்தார்.

ஏசி காற்றில்
மாசானமுத்துவின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.
வாய் லேசாகத் திறந்திருந்தது.
சட்டைப்பைக்குள் செல்போன் துடித்துத் துடித்து அடங்கியது,
எவரோ துக்கம் கேட்கிறார்கள்.

தோளைத் தட்ட மேலாளர் கையை நீட்டினார்.
பிடித்துக்கொண்டேன்.
ஒன்பது வருஷத்தில் அந்தக் கையை நான் தொட்டதில்லை.

"மெதுவா எழுதுங்க சார்.
அவசரமில்லை."